பின்னால் இருக்கும் புல் யாருடையது

கும்பகோணம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

புளோரிடாவில் நீங்கள் வாங்க நினைக்கும், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீட்டைப் பற்றி நீ அனுப்பிய காகிதங்கள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வாங்கி வந்து, நான்கு நாளாகப் படித்தேன். முப்பத்தாறு வருஷம் பத்திரம் எழுதியவனுக்குப் படத்தைவிடப் பத்திரத்தைப் பார்த்தால்தான் வீடு புரிகிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

போன மார்கழியில் உங்களோடு வந்து அந்த வீட்டைப் பார்த்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் கார் ஓட்டிப் போய் கோல்ஃப் ஆடிவிட்டு வருகிற மனுஷர். பின்வாசலைத் திறந்தால் மைதானம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நடவுக்கு முன்னால் நாற்றங்கால் ஒரு பச்சையில் நிற்குமே, அந்தப் பச்சை. எனக்கே கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் அந்தப் பச்சை உன் நான்கெல்லைக்கு வெளியே இருக்கிறது, பாப்பா. விலையில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கப் போகிறீர்கள். கிரயப் பத்திரத்தில் அது வராது.

நம் நகரில் வீட்டுக்கு எதிரே இருந்த பூங்கா உனக்கு ஞாபகம் இருக்கும். புங்க மரத்தடியில் நீ பாண்டி ஆடிய இடம். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்துக் காட்டினார்கள். அதற்காகவே மூலையில் இருந்த மலிவு மனையை விட்டுவிட்டு இதை வாங்கினேன். பூங்கா இடத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. ஊருக்கெல்லாம் வில்லங்கம் பார்த்துச் சொன்னவன், என் வீட்டுக்கு எதிரே இருந்த இடத்துக்குப் பார்க்கவில்லை. நீ எட்டாவது படிக்கும்போது அங்கே கல் நட்டார்கள். அடுத்த தையில் மூன்று மனையாகப் போய்விட்டது. மரத்தை வெட்டிய அன்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அந்த ராத்திரி இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அந்த வீடு இருக்கும் பாஸ்கோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவான ஆவணங்களை இங்கிருந்தே கணினியில் பார்க்க முடிகிறது, காசும் இல்லை. நம்மூரில் இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது போலத்தான். பார்த்தேன். மைதானம் குடியிருப்புச் சங்கத்தின் பேரில் இல்லை. தனியாக ஒரு கம்பெனி பேரில் இருக்கிறது, அதன்மேல் அடமானமும் இருக்கிறது. அந்த நிலம் மைதானமாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஷரத்து ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நான் தேடியது போதாது. அங்கேயுள்ள வக்கீல் ஒருவரிடம் பணம் கொடுத்து இதை மட்டும் எழுத்தில் வாங்கு. முகவர் ‘இது எப்போதும் இப்படியே இருக்கும்’ என்று வாயால் சொல்வது செல்லாது.

இது வீண் பயம் இல்லை. அமெரிக்காவில் 1990-களில் டைகர் வுட்ஸ் வந்த வேகத்தில் மைதானங்கள் கூடிக்கொண்டே போயின. பலவற்றை வீட்டு மனை விற்பதற்காகப் போட்டது போலத்தான் எனக்குப் படுகிறது. 2006-இல் தொடங்கி, திறந்தவற்றைவிட மூடியவை அதிகம். பல வருஷம் அப்படியே போயிற்று. பதினெட்டுக் குழி மைதானம் என்றால் நூற்றைம்பது ஏக்கர் அளவுக்கு நிலம். அதைத் தண்ணீர் விட்டு, வெட்டி, மருந்தடித்து வைக்க ஆட்ட வரும்படி போதாமல் போனால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? பூட்டுவான். களை மண்டும். பிறகு மனை போட அனுமதி கேட்பான். சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் வழக்குச் செலவுக்கு வசூல் பண்ணிக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்தது பந்து. குடியிருப்புச் சாசனத்தில் ஒரு பாத்தியம், அதாவது உங்கள் நிலத்தில் அடுத்தவருக்கு உள்ள உரிமை, எழுதியிருக்கிறார்கள், நன்றாகப் படி. வழிப்பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் எல்லாம் எழுதியிருக்கிறேன். பந்து வந்து விழும் பாத்தியத்தை இப்போதுதான் பார்க்கிறேன். பந்து உங்கள் மனைக்குள் விழலாம், ஆடுபவர் வந்து எடுக்கலாம், கண்ணாடி உடைந்தால் மைதானம் பொறுப்பில்லை என்று இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் சமையலறை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தேன். பூச்சில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்பது குழி. லனாய் என்கிறார்களே, பின்பக்கம் வலை அடித்த தாழ்வாரம், அதன் வலையில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. பந்தின் எடை 46 கிராம்தான், ஆனால் வருகிற வேகத்துக்கு அது கருங்கல். நம் குட்டி அங்கேதான் விளையாடுவான்.

வலக்கை ஆட்டக்காரர்களின் அடி தவறினால் பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து போகும் என்று மாப்பிள்ளையே எனக்குச் சொன்னார். அப்படியானால் பின்கட்டில் மைதானத்தைப் பார்த்து நில். அடிக்கத் தொடங்கும் இடம் உன் இடக்கைப் பக்கம், இருநூறு இருநூற்றைம்பது கஜ தூரத்தில் இருந்தால், அந்த வீட்டுக்குத்தான் பந்து அதிகம் வரும். இந்த வீடு அப்படித்தான் இருக்கிறது. அதே தெருவில் பந்து அடிக்கும் இடத்துக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி இருப்பது கிடைத்தால் பார்க்கலாம். குளத்தங்கரை வீடு மட்டும் வேண்டாம். அங்கே எந்தக் குளத்திலும் முதலை இருக்கலாம்.

வரிக்கு வருகிறேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் சொத்து வரியை நம்பிக் கணக்குப் போடாதே. அது இப்போதைய உரிமையாளர் கட்டுவது. சொந்தமாகக் குடியிருப்பவரின் வரி மதிப்பை வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று புளோரிடாவில் சட்டம். அவர் இருபது வருஷமாக இருப்பதால் அவருக்குக் குறைவு. கை மாறினால் அடுத்த ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி சந்தை மதிப்புக்கு ஏறிவிடும். அந்தச் சலுகை உங்களுக்கும் தொடங்க வேண்டுமானால் மார்ச் 1-க்குள் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். வரிச் சீட்டிலேயே சிடிடி என்று ஒரு வரி இருக்கிறதா பார். சாலை, வடிகால் போட வாங்கிய கடனைக் குடியிருப்பவர்கள் தலையில் வைத்து வசூலிப்பது அது.

சங்கத்துக்கு மாதச் சந்தா ஒன்று, கிளப்புக்கு ஒன்று. கிளப்பில் சேர்வது கட்டாயமா, விருப்பமா? சேரும்போது கட்டுவது திரும்ப வருமா? சில கிளப்பில் மாதம் இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றுகூட இருக்கிறதாம், சாப்பிடாவிட்டாலும் காசு. மாப்பிள்ளை மாதம் நான்கு தடவை ஆடுவார். அந்த நான்குக்கு இதெல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகிறது என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அவர் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கணக்கு ஒத்து வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்.

2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்த ராத்திரி இங்கே நாங்கள் தூங்கவில்லை. அதனால் இதையும் கேட்டுக்கொள்: வெள்ளக் காப்பீடு வீட்டுக் காப்பீட்டில் சேராது, தனியாக எடுக்க வேண்டும். புயல் சேதத்துக்கு உங்கள் கைப்பணம் முதலில் போகும். காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் என்று இருந்தால், ஐந்து லட்சம் டாலர் காப்பீட்டுக்குப் பத்தாயிரம். கூரை எத்தனை வருஷத்துப் பழசு என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கு.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கே போய், அந்தத் தெருவில் எட்டு மணி வரை நில்லுங்கள். புல்வெட்டும் வண்டிச் சத்தமும் கேட்கும், பந்து விழுவதும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் நடக்க வந்தால், மைதானத்துக்காரர்கள் கடைசியாக எப்போது என்ன செலவு செய்தார்கள் என்று கேள்.

அம்மா இரண்டு விஷயம் எழுதச் சொல்கிறாள். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைவிசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, உள்ளேயே சுற்ற விடுகிறதா? தாளிக்கிற வீட்டுக்கு வெளியே போனால்தான் சரி. சுவரில் துளை போடச் சங்கம் அனுமதி தருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடு. துணி காயப்போடக் கொடி கட்டலாமா என்றும் கேட்டாள். புளோரிடாவில் அதைச் சங்கம் தடுக்க முடியாது, சட்டமே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

வக்கீல் என்ன சொன்னார் என்று வியாழக்கிழமை போன் பண்ணு. உங்கள் ராத்திரியில் கூப்பிடு, நான் இங்கே விடியற்காலையில் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா