கிளாம்பை மூடுவது யார்?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் "ம்", "சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் "ம்" போட முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல விஷயம். பொங்கலுக்கு வந்தபோது உன் இன்ஃப்யூஷன் பம்ப் மேனுவலின் தமிழ்ப் பிரதியை விட்டுவிட்டுப் போனாயே, அதை முழுக்கப் படித்துவிட்டேன். ரிட்டயர்டு நர்சுக்கு இதுதான் தொடர்கதை என்று அப்பா கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

எங்கள் வார்டில் டிரிப் ஏற்றப் பம்ப் ஏது? வாட்சைப் பார்த்துக்கொண்டே சொட்டு எண்ணுவோம். 500 மில்லி பாட்டில் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட்டில் மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 42. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்றால் இன்னும் சுலபம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையேறியபோது சொட்டு விழும் சேம்பர் மேல் டார்ச் அடித்து எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அப்படிப்பட்டவளுக்கு உன் எழுத்தில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? கிடைக்கவில்லை. ஒரு படிக்கு ஒரு வேலைதான். எச்சரிக்கை எல்லாம் செய்ய வேண்டியதற்கு முன்னால் நிற்கிறது. பின்னால் போட்டால் படிப்பதற்குள் கை போய்விடும். "கிளாம்பை மூடுங்கள்" முதலில், "கதவைத் திறங்கள்" அதற்கப்புறம். குழாயை அடைக்கிற கிளாம்பை மூடாமல் பம்பின் கதவைத் திறந்தால் பாட்டிலில் இருப்பது மொத்தமும் கடகடவென்று உள்ளே இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும், புதிதாக வந்த பெண்ணுக்குத் தெரியாது. நைட் டூட்டியில் ஒரு கையால் செட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பக்கம் புரட்டுகிற அந்தப் பெண்ணை மனதில் வைத்து எழுதியிருக்கிறாய். அவளை எங்கே பார்த்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. பெருமையாக இருந்தது.

அதனால்தான் பொங்கலன்று நீ சொன்னது எனக்கு ஒப்பவில்லை. "மேனுவல் எழுதி எழுதிக் கதை வராமல் போய்விட்டதும்மா" என்றாய். அடுப்பில் பால் இருந்தது, பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தானேக்கு அப்புறம் நீ எழுதிய கதையை எடுத்துப் பார். பண்ருட்டிப் பெரியப்பா வீட்டுப் பலாமரம் சாய்ந்து கிடப்பதை எழுதினாயே, அது. அதில் அழுகை ஒரு வரிகூடக் கிடையாது. எந்தக் கிளையை முதலில் வெட்ட வேண்டும், எதை வெட்டினால் அடிமரம் ஆள் மேல் உருளும், முட்டு எங்கே கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க மரம் அறுக்கிற வேலைதான். பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் வந்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அது கதையா, மேனுவலா? நீ அப்போதே இரண்டையும் ஒரே கையால்தான் எழுதினாய்.

நம் முன்னோர் இதைப் பிரித்தே பார்க்கவில்லை. வைத்தியம், சோதிடம், இலக்கணம், கணக்கு எல்லாம் பாட்டுதான். காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ண ஒரு வெண்பா இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் சுளைக் கணக்கு வந்துவிடுமாம். பண்ருட்டியில் பெண்ணெடுத்தவர் சும்மா இருப்பாரா? அப்பா போட்டுப் பார்த்தார். கிட்டக்கூட வரவில்லை. பாட்டு என்னவோ வாயில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் டோஸ் கணக்கை இப்படி யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஆகவே உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மேனுவலில் ஒரு வாக்கியத்துக்கு ஓர் அர்த்தம்தான் இருக்க வேண்டும், இரண்டாவது வந்தால் ஆபத்து. கதையில் அந்த இரண்டாவதற்காகத்தான் படிக்கிறோம். நாள் முழுக்க இரண்டாவது அர்த்தத்தை அடித்து அடித்துத் திருத்துகிற கை, ராத்திரி அதையே உட்கார்த்தி வைத்துக் கொஞ்ச வேண்டும் என்றால் கஷ்டம்தான்.

சுஜாதாவைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். நீ இருக்கிற அதே பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, ஓட்டுப் போடுகிற மெஷினிலும் பங்கெடுத்து, அவ்வளவு கதையும் எழுதினார். "அவர் ஆபீஸ் விட்டு வந்து தோசை வார்த்தாரா?" என்று கேட்பாய். கேள். உன் வீட்டில் யார் வார்க்கிறார்கள் என்று நானும் தெரிந்துகொள்வேன்.

ராத்திரி நேரத்தோடு சாப்பிடுகிறாயா? கஞ்சியாவது குடி. தினம் ஒரு பக்கம் எழுது, கதை என்று பேர் வைக்காதே, வெறும் பக்கம். நேரத்தோடு சாப்பிடு. நன்னூலில் கூறியது கூறல் குற்றம் என்று அப்பா பின்னாலிருந்து சொல்கிறார். அம்மாக்களுக்கு அதில் விலக்கு உண்டு.

நன்னூல் என்றதும் நினைவு வருகிறது. பத்துக் குற்றத்தில் முதலாவது குன்றக் கூறல், பத்து அழகில் முதலாவது சுருங்கச் சொல்லல். ரொம்ப நாளாக இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். தேவையான அத்தனையும் குறைந்த சொல்லில் இருந்தால் அழகு, தேவையானதே இல்லாமல் போனால் குற்றம் என்று அப்பா விளக்கினார். உன் மேனுவல் முழுக்க அழகு வகை. உன் மெசேஜ் எந்த வகை?

"வீடு மாற்றப்படுகிறது. சாமான்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. கவலை வேண்டாம்."

பாப்பா, எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான். "கிளாம்ப் மூடப்பட வேண்டும்" என்று எழுதினால் டாக்டர், நர்ஸ் மூடுவாள் என்று இருப்பார். நர்ஸ், முந்தின டூட்டிக்காரி மூடியிருப்பாள் என்று இருப்பாள். கடைசியில் யாருமே மூட மாட்டார்கள். அதனால் யார் செய்ய வேண்டும் என்பதை வாக்கியத்திலேயே உட்கார வை என்று திண்ணையில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் சொன்னாயே. அப்படியிருக்க, இந்த மூன்று வாக்கியத்தில் ஓர் ஆளைக்கூடக் காணோம். மாற்றுவது யார், பிரித்தது யார் என்று ஒரு நர்சாகத்தான் கேட்கிறேன். ரிப்போர்ட் புக்கில் "நன்றாகத் தூங்கினார்" என்று எழுதிவிட்டுப் போகிறவளை நாங்கள் நம்ப மாட்டோம். 2 மணிக்குத் தண்ணீர் கேட்டார், 4 மணிக்குப் புரண்டு படுத்தார் என்று எழுதினவள்தான் நிஜமாகவே பக்கத்தில் இருந்தவள்.

மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதவில்லை. எழுதலாமா என்று உன்னைக் கேட்டுக்கொண்டு எழுதலாம் என்று இருக்கிறேன்.

மற்றபடி சேதி நிறைய இருக்கிறது, எதுவும் இப்போது எழுதத் தோன்றவில்லை. சின்னத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. உன் அறையில் ஃபேன் மாற்றியாயிற்று. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறோம், அப்பா யோசனை. எதற்கென்று நான் கேட்கவில்லை.

பெரியப்பா முந்திரிப் பருப்பு கொடுத்தனுப்பியிருக்கிறார், முழுசு. பழம் வழியில் தாங்காது, பருப்பை மட்டும் கூரியரில் போடுகிறேன். கூரியர் பையன் ஃபாரத்தை நீட்டிவிட்டுப் பழைய விலாசமா, புதுசா என்று கேட்கிறான். புது விலாசத்தை முழுசாக எழுதி அனுப்பு. வாங்கிக்கொள்கிறவர் என்ற இடத்தில் எப்போதும் போல இரண்டு பெயர் எழுதட்டுமா, உன் பெயர் மட்டும் போதுமா, அதையும் எழுது. சனிக்கிழமை கடை மூடுவதற்குள் வேண்டும்.

அன்புடன்,
அம்மா