அக்கா பிரித்துக் கொடுத்த நான்கு கீற்று

அம்மாச்சி நேற்று சுவரேறிவிட்டாள். அவள் உடுத்திய துணிகளையே வெட்டி நான் தைத்த அவள் முகம். நான்கடி உயரம், மூன்றடி அகலம். தலைத்திதிக்கு முந்தின நாள் மதியம்தான் கடைசி நூலை அறுத்தேன். விரல் நுனியெல்லாம் இன்னும் எரிகிறது. ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த மழையில் பாதி தைத்த முகமும் துணிகளும் மெஷினும் நனைந்துபோனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுபடி சொல்ல மனமில்லை. அந்த ராத்திரியிலேயே ஃபேன்களைத் தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், தையல் மெஷினை முழுசாகக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்த மெக்கானிக் அண்ணன், ஃபிளெக்ஸ் கடையில் நின்று படத்தைத் திரும்பப் பெரிதாக அச்சடித்து வந்த தம்பி, ஓரம் கட்டுவதற்குத் துணி அனுப்பிய தோழிகள், இனி முடியாது என்று நான் சொன்னபோதெல்லாம் முடியும் என்று வாய்ஸ் மெசேஜ் போட்டவர்கள் எல்லாருக்கும் என் நன்றி. அமெரிக்கக் கலைஞர் பிசா பட்லர் துணிகளை அடுக்கித் தைத்துச் செய்யும் குயில்ட்களைத் தேடி எனக்கு அனுப்பிய தோழிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தன் தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தைத் துணியில் செய்தவர் பட்லர். 2020இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் அவருடைய கண்காட்சி நடந்தது. அவர் செய்யும் முகங்களில் ஊதாவும் நீலமும் பச்சையும் இருக்கும். இருந்தும் அவை உயிருள்ள மனித முகங்கள். அதைப் பார்த்த பிறகுதான், சிவப்புச் சுங்குடியின் சாயம் இறங்கிய கழுத்துப் பகுதியை வெட்டி எறியாமல் அப்படியே விட்டேன்.

அப்புறம், தெருமுனையில் ஃபால்ஸ் அடிக்கும் அக்கா. இந்த மடலே அவருக்காகத்தான்.

துணியில் முகம் செய்யும்போது நிறத்தைவிட வெளிச்சமும் இருட்டும்தான் முக்கியம். புகைப்படத்தை வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஆறு படியாகப் பிரித்துக்கொண்டு, படிக்கு ஒரு துணி என்று வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தைக்கிறேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஃபோனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் போதும். பொருந்தாத துணி உடனே காட்டிக்கொடுத்துவிடும். மழையில் எனக்குப் போனது ஐந்தாம் படி. தாடைக்குக் கீழே, மூக்கோரம், கண்குழி என்று நிழல் விழும் இடமெல்லாம் அந்தத் துணிதான். அது இல்லாமல் முகம் தட்டையாகக் கிடந்தது. கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் அம்மாச்சி உடுத்தாத எதுவும் அவள் முகத்தில் இருக்கக் கூடாது என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம். அவளுடைய காப்பிப்பொடி நிற ரவிக்கை ஒன்று இருந்தது. நிறம் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

நூல் வாங்கப் போன இடத்தில் அக்காவிடம் அதைச் சொல்லி அழுதேவிட்டேன். தீபாவளி நேரம். அவர் மேஜையில் ஆளுயரத்துக்குத் துணி குவிந்திருந்தது. "அந்த ரவிக்கையக் கொண்டா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்ததும் உள்பக்கம் திருப்பி, சைடு ஜாயின்ட்டை விரலால் விரித்துக் காட்டினார். "பின்னாடி பெருசாக்கிக்க விட்ட துணி. வெயிலே படல பாரு."

பார்த்தேன். அதே துணி, ஆனால் வாங்கிய அன்றைக்கு இருந்த அடர்ந்த பழுப்பு. நான் தேடிய ஐந்தாம் படி.

மூன்று வரிசைத் தையலையும் அக்காவே பிரித்தார். பழைய துணி, அவசரப்பட்டால் கிழிந்துவிடும் என்று என்னைத் தொட விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடையில் புடவை கேட்டு வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார். ஒன்றரை அங்குல அகலத்தில் நான்கு கீற்று. காசு என்று நான் வாயெடுத்ததும், "ஒங்க அம்மாச்சி எனக்கு மோர் குடுத்துருக்கு" என்றார், அவ்வளவுதான்.

அதை வீணாக்கிவிடக் கூடாது என்று முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்திரி வைத்தேன். மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே நகர்த்தி, கன்னத்தின் வளைவோடு நூலை ஓட்டினேன். பிரித்த தையலின் ஊசித் துளைகள் கீற்றில் வரிசையாகத் தெரிந்தன. அவற்றை மூடவில்லை. தாடைக்குக் கீழே அவை சுருக்கமாகவே அமைந்துவிட்டன. கறுப்புச் சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள் நரையாயின. கடைசியாகக் கண்மணியில் வெள்ளை நூலில் ஒரு பொட்டு வைத்தேன். அதுவரை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

இனி என்னிடம் வரும் எந்த ரவிக்கைக்கும் உள்ளே துணி விடாமல் தைக்க மாட்டேன். அடுத்து நான் செய்யப்போவது அக்காவின் முகம். அவரிடம் இன்னும் கேட்கவில்லை, இதைப் படித்துக் காட்டித்தான் கேட்கப்போகிறேன்.

நேற்று படையல் முடிந்த பிறகு அக்கா வந்தார். வெகுநேரம் நின்று பார்த்தார். தாடையின் நிழலில் ஒரு விரலை வைத்து, "இதுதான?" என்றார். ஆமாம் என்றேன். கையிலிருந்த பையைக் கொடுத்தார். உள்ளே அம்மாச்சியின் ரவிக்கை, பிரித்த பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது.