ஏப்ரலுக்கு முன்பே நடத்த வேண்டிய பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு உடல்நலம், பாதுகாப்பு, மேற்படிப்பு, வேலை பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை என்று நாங்கள் குறை கூறவில்லை. நவம்பர் 14 குழந்தைகள் தினத்தில் ஒரு பேச்சு, ஜனவரி 24 பெண் குழந்தைகள் தினத்தில் ஓர் உறுதிமொழி, மார்ச் 8இல் ஒரு பேரணி என்று நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் வாழ்க்கை திசைமாறுவது பள்ளி பூட்டிக் கிடக்கும் நாட்களில்தான். பொதுத்தேர்வு முடிந்ததும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வந்துவிடுகின்றன. மாங்கூழ் ஆலைகளில் சீசன் தொடங்குகிறது. பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் மில்லுக்கும் ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் ஊருக்குள் வருகிறார்கள். ஜூனில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டால் சில பெயர்களுக்குக் குரல் வருவதில்லை.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒரு பாடவேளை இதற்கென்றே கால அட்டவணையில் இருக்க வேண்டும். எந்த மாதம் எதைச் சொல்வது என்பது இந்த இரு மாவட்டங்களின் நடப்பைப் பார்த்து அமைய வேண்டும். டிசம்பர் வந்தால் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிடும் பாடவேளையாக அது இருக்கக் கூடாது. ஏனென்றால் மிக அவசரமான பாடங்கள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான் வருகின்றன.

ஜூன், ஜூலையில் சான்றிதழ்களை முடித்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையும் ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் பிறந்த தேதியைத் திருத்துவது பெரும்பாடு. சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி, அஞ்செட்டி பக்கத்து இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர் நிலையில் விசாரித்துத்தான் தருகிறார்கள். கல்லூரி விண்ணப்பம் வந்த பிறகு அதற்கு அலைந்தால் அந்த ஆண்டு கையை விட்டுப் போகும். முதல் பட்டதாரி சான்றும் அப்படித்தான்.

வகுப்பு பேச்சாக இல்லாமல் பயன்பட வேண்டுமென்றால் பிள்ளைகளின் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி பள்ளிகளில் இருக்கிறது. ஆனால் அது தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரே தொங்கினால் எவர் போடுவார்? போடுகிறவரை நாலு பேர் பார்க்கிறார்களே. அதை விட எளிய வழி உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே அளவில் கால் தாள் கொடுக்க வேண்டும். மூன்று நிமிடம் எல்லோரும் எழுதியே ஆக வேண்டும்; கேள்வி இல்லாதவர் ‘கேள்வி இல்லை’ என்று மூன்று வரி எழுதலாம். அப்போதுதான் யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பது தெரியாது. ஒரே மடிப்பாக மடித்து வாங்கிக்கொண்டு, வகுப்பு ஆசிரியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து படித்து, அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும். சீட்டை அப்படியே வாசிக்கக் கூடாது. சொல்லும் விதத்தை வைத்தே பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பொதுவாகப் பதில் சொன்னால் போதும்.

முதல் வகுப்பிலேயே இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: யாராவது உங்களைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று எழுதினால் அதை எங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி விவரம் தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காமல் மறைப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். ‘பள்ளிக்குக் கெட்ட பெயர்’ என்று அமுக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சொற்களும் ஒரு தடைதான். வீட்டில் ‘தூரம்’ என்பார்கள், புத்தகத்தில் ‘மாதவிடாய்’ என்று இருக்கும், பிள்ளை இரண்டையும் சொல்ல முடியாமல் ‘அது’ என்று நிறுத்திவிடும். தளி, கெலமங்கலம், ஓசூர் பக்கம் வீட்டுமொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருப்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. வீட்டுச் சொல்லையும் பாடச் சொல்லையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுத் தொடங்கினால் பாதி வெட்கம் அங்கேயே போய்விடும். முதல் வகுப்பு ஆண், பெண் தனித்தனியாக, அடுத்தது சேர்த்து. ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் கறை பட்ட பாவாடையைப் பார்த்துச் சிரிப்பது நிற்காது.

நாப்கின் கணக்கையும் மறைக்காமல் போட்டுக் காட்ட வேண்டும். அரசின் ‘புதுயுகம்’ திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு, பாக்கெட்டுக்கு ஆறு வீதம் மூன்று பாக்கெட், மொத்தம் 18. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். முதல் மூன்று நாள் மூன்று மூன்று, அடுத்த இரண்டு நாள் இரண்டிரண்டு என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு முறைக்கு 13, இரண்டு மாதத்துக்கு 26. பற்றாக்குறைக்கு வீட்டில் துணிதான். ஆகவே துணியைப் பயன்படுத்தாதே என்று அதட்டுவதை விட, அதைச் சுத்தமாக வைக்கச் சொல்லித் தருவதே நியாயம்: குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நேர் வெயிலில் காய வைக்க வேண்டும். வெட்கப்பட்டு இன்னொரு துணிக்கு அடியிலோ இருட்டு மூலையிலோ காயப் போடுவதால்தான் ஈரம் தங்கிப் பூஞ்சையும் அரிப்பும் வருகின்றன.

இரும்புச்சத்து மாத்திரை வாரம் ஒன்று என்பது திட்டம். சில பள்ளிகளில் ஜன்னலுக்கு வெளியே மண்ணில் கிடக்கும் நீல மாத்திரைகளைப் பார்த்தாலே அது எங்கே தவறுகிறது என்பது தெரியும். முதல் பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குக் காலை வகுப்பில் மாத்திரை கொடுத்தால் குமட்டும், வாந்தி வரும். ஒருத்தி வாந்தி எடுத்தால் மறுவாரம் வகுப்பே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடும். மதிய உணவுக்குப் பிறகு, தண்ணீரோடு, ஆசிரியர் கண்ணெதிரில் விழுங்கச் செய்ய வேண்டும். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. கேழ்வரகுக் களி தின்றால் ரத்தம் ஊறும் என்று ஊரில் நம்புகிறோம். கேழ்வரகின் பெரிய பலம் சுண்ணாம்புச்சத்து. அதிலுள்ள இரும்பு குறைவாகவே உடம்பில் சேரும். முளைகட்டினால் சற்றுக் கூடும். களியோடு முருங்கைக்கீரையும் பயறும் வேண்டும். குடற்புழுவுக்கு ஆண்டுக்கு இரு முறை அல்பெண்டசோல் தருவதைத் தவறவிட்டால் இத்தனையும் புழுவுக்கே போகும்.

இந்த மண்ணுக்கென்றே ஒரு பாடம் உண்டு. அது பல். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசும் பிள்ளைகளை இங்கே ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கலாம். நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு, பல் உருவாகும் சிறு வயதில், எட்டு வயதுக்குள், எனாமலைக் கெடுத்ததால் வந்த பழுப்பு அது. பல் துலக்காததால் வந்ததல்ல, ஒட்டிக்கொள்ளும் நோயுமல்ல. செங்கல் பொடி, சாம்பல் போட்டுத் தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் தேயும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அடர்த்தி கூடவே செய்யும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை. 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அந்தத் தண்ணீர் ஊருக்கு வந்தும் ருசிக்காகப் பழைய போர் தண்ணீரையே குடிக்கிற வீடுகள் உண்டு. வீட்டுத் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுதிக் கொண்டுவரட்டும்; தம்பி, தங்கையின் பல்லையாவது காப்பாற்றலாம்.

இனி, பிப்ரவரியில் கட்டாயம் நடத்த வேண்டியது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. நடத்தி வைப்பவர், முன்னின்று ஏற்பாடு செய்பவர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. இதை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் தோழிக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டால் விழிப்பார்கள். அதைத்தான் பழக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் பேசலாம், பேசியவர் பெயர் வெளியே வராது. ஐந்து விவரங்களைச் சொல்ல வேண்டும்: பெண்ணின் பெயர், பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி, ஊரும் தெருவும், கல்யாண நாள், மண்டபமோ கோயிலோ எது என்பது. தேதி தெரியாமல் ‘என் பிரெண்டுக்குக் கல்யாணம்’ என்று மட்டும் சொன்னால் அதிகாரிகள் போய்ச் சேர்வதற்குள் தாலி ஏறிவிடும். வகுப்பில் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் அழைப்பவராகவும் ஒருவர் எடுப்பவராகவும் இரண்டு முறை பேசிப் பார்த்தால் போதும், பயம் போய்விடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதிகாரிகள் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு வாரம் கழித்துக் கர்நாடகத்துக்கோ ஆந்திரத்துக்கோ எல்லை தாண்டிப் போய் ஒரு கோயிலில் முடித்துவிடுவார்கள். ஆகவே தடுத்த அன்றோடு விடாமல், நீதித்துறை நடுவரிடம் தடையுத்தரவு பெறச் சொல்லி வலியுறுத்த வேண்டும். அந்த உத்தரவை மீறி நடந்த திருமணம் செல்லாது. பள்ளியும் அந்தப் பெண்ணின் வருகையைத் தினமும் பார்த்துவர வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்கும் நேரடியாகச் சொல்லுங்கள். 17 வயதுப் பெண் விரும்பித்தான் வந்தாள் என்பது சட்டத்தின் முன் நிற்காது. தாலி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இல்லை. போக்சோவில் உடலுறவுக் குற்றத்துக்குக் குறைந்த தண்டனையே 10 ஆண்டு. பெண் 16 வயதுக்குக் கீழ் என்றால் 20. காதலைக் கேவலப்படுத்திப் பேசினால் காதை மூடிக்கொள்வார்கள். சட்டத்தை மட்டும் நிதானமாகச் சொன்னால் கேட்பார்கள்.

வேலை பற்றிய பாடத்தில் ‘கலெக்டர் ஆகலாம்’ என்ற ஊக்கப் பேச்சை விட ஒரு சம்பளச் சீட்டு அதிகம் கற்றுத்தரும். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் ‘மாதம் 15,000’ என்று கேட்டுப் போய், கையில் வாங்கும்போது ஏமாந்ததாக நினைத்து வேலையை விடுகிறார்கள். கரும்பலகையில் இப்படிப் போடுங்கள்: அடிப்படைச் சம்பளம் 12,000, வீட்டு வாடகைப் படி 3,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அடிப்படையில் 12 சதவீதம், 1,440. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மொத்தத்தில் 0.75 சதவீதம், 113. கையில் 13,447, கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். நிர்வாகமும் தன் பங்காக பி.எஃப்.பில் 12 சதவீதம், இ.எஸ்.ஐ.யில் 3.25 சதவீதம் போட வேண்டும். ஆகப் பிடித்த பணம் தொலைந்த பணமல்ல. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைப் பத்திரமாக எழுதி வைத்து, வேலை மாறினாலும் அதே எண்ணைத் தர வேண்டும். பிடித்தமே இல்லாமல் முழுப் பணம் தருகிறேன் என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. கை நசுங்கினால் மருத்துவச் செலவு யார் தலையில்?

அப்ரென்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் மூன்றும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அசல் சான்றிதழை ஏஜென்டிடம் கொடுக்கக் கூடாது, நகல் போதும். வேலைக்கு டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) போனால் கதவு அடைபடும் என்ற பயமும் தவறு: ஐ.டி.ஐ. முடித்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்து பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரியே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ., டிப்ளமோவுக்கும் உண்டு. 2024 முதல் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்யாணம் பேசும் வீட்டில் இந்தத் தொகையைச் சொல்லும் வாய் மகளுக்கு வர வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. வகுப்பு ஆசிரியர் ஒருவர், மாதம் ஒரு மணி நேரம் கிராம சுகாதாரச் செவிலியர், ஆண்டுக்கு இரு முறை ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவர், கொஞ்சம் காகிதம். அடுத்த ஜூனில் பள்ளிகளில் ஒட்டப்படும் கால அட்டவணையில் இந்தப் பாடவேளை இடம்பெறவும், பிப்ரவரியில் அதை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்பவும் இரு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை வட்டங்களைச் சேர்ந்த
ஆசிரியர்கள், செவிலியர்கள் சிலர்