சூசோன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்: ஓவியம் பிறந்த கதையை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற ஓவியம் ஒன்று எப்படிப் பிறந்திருக்கும் என்று கற்பனை செய்து நாவலும் சிறுகதையும் எழுதுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். இந்த வகைக் கதை என்றால் எனக்கு உயிர், கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்துவிடுவேன். அந்த உரிமையில் கேட்கிறேன். பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே வரைந்த ‘ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்’ ஓவியத்தை நீங்கள் என்றாவது கதையாக்கினால், அதில் நிற்கிற பெண்ணை ஓவியரின் காதலியாக்கி முடித்துவிடாதீர்கள். அவள் ஒரு தொழிலாளி. வேலை செய்கிறவளாக அவளை எழுதுங்கள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் என்ற கேளிக்கை அரங்கில் ஒரு மதுக் கவுண்டர். வெள்ளைப் பளிங்குப் பலகைமேல் தங்கத்தாள் சுற்றிய ஷாம்பெய்ன் புட்டிகள், சிவப்பு முக்கோணம் போட்ட பாஸ் பியர், கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஆரஞ்சு, ஒரு தம்ளரில் இரண்டு ரோஜா. பின்னால் கருப்புச் சட்டை போட்ட ஒரு பெண், அவளுக்கும் பின்னால் முழுச் சுவருக்கும் கண்ணாடி, அதில் மொத்தக் கூட்டமும் தெரிகிறது. மனே இதை 1882இல் முடித்து அந்த ஆண்டின் சலோனில், அதாவது பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியில், வைத்தார். ஒளியையும் அன்றாட நகர வாழ்க்கையையும் வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் 1874 முதல் 1886 வரை எட்டுக் குழுக் கண்காட்சிகள் நடத்தினார்கள், மனே ஒன்றில்கூடச் சேரவில்லை. ஆனாலும் இந்தப் படத்தில் தெரிகிற கூட்டம், விளக்கு, புகை எல்லாம் அவர்கள் உலகம்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் சூசோன். அதே அரங்கில் நிஜமாகவே வேலை பார்த்தவள். மனே அவளைத் தன் ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, அங்கே பளிங்கு மேசை போட்டு, புட்டியும் பழமும் அடுக்கி, அதன் பின்னால் நிற்கவைத்து வரைந்தார். எனக்கு நெஞ்சில் தைத்த விஷயம் இங்கேதான் வருகிறது. கண்ணாடியில் அவளோடு பேசுவதுபோலத் தெரிகிற தொப்பிக்காரருக்கு மாடலாக நின்றது கஸ்தோன் லா தூஷ் என்ற ஓவியர். மாடத்தில் வெள்ளை உடுப்பும் மஞ்சள் கையுறையுமாகத் தெரிகிறவர் மனேயின் தோழி மெரி லோரான். அவருக்குப் பின்னால் இருப்பவர் ழான் தெமார்சி என்கிறார்கள். அதே சலோனுக்குப் போன மனேயின் ‘வசந்தம்’ படத்தின் நாயகி அவர், பிறகு நடிகையாகவும் ஆனார். ஆக, கண்ணாடிக்குள் மங்கலாகக் கிடக்கிறவர்களுக்கெல்லாம் முழுப்பெயர் இருக்கிறது. படத்தின் நட்டநடுவில் முகம் காட்டி நிற்கிறவளுக்குக் குடும்பப் பெயர்கூட நம் கைக்கு வந்து சேரவில்லை.

இந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் ஏன் எல்லோருக்கும் காதலோ கட்டிலோதான் தோன்றுகிறது? அந்தக் காலத்துப் பாரிஸிலும் இப்படித்தான், மதுக் கவுண்டரில் நிற்கிற பெண் என்றாலே புட்டியோடு சேர்த்து அவளும் விலைக்குக் கிடைப்பாள் என்று பேசினார்கள். அந்தப் பேச்சையே நாமும் கதையாக்கினால் அவளுக்கு நூற்று நாற்பது ஆண்டு கழித்தும் அதே கெட்ட பெயர்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் சேலைப் பிரிவில் நின்றேன். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு பத்து மணி வரை. ஸ்டூல் கிடையாது. சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு எழும்பும், வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்தால்தான் தூக்கம் வரும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஏதோ தேடப்போய் இந்தப் படம் வந்தது. முதலில் நான் பார்த்தது அவள் கையை. முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

நீங்களும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையும் பளிங்கு விளிம்பில் ஊன்றியிருக்கின்றன. மணிக்கட்டின் உள்பக்கம் வெளியே பார்க்கிறது. அழகுக்காக யாரும் கையை அப்படி வைக்கமாட்டார்கள். கால் தாங்காதபோது உடம்பின் பாரத்தைத் தோள் வழியாகக் கைக்கு இறக்குகிறவர்கள்தான் அப்படி ஊன்றுவார்கள். நாங்கள் துணி விரிக்கிற மேசையில் அப்படித்தான் ஊன்றுவோம், வாடிக்கையாளருக்கு அது பணிவாகத் தெரியும், சூப்பர்வைசரும் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த ஒரு நொடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைப் பற்றி எத்தனையோ பேர் அவள் சோகமானவள், மர்மமானவள், எங்கோ பார்க்கிறாள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது மாலை எட்டு மணிக்கு மேல் எங்கள் எல்லோர் முகத்திலும் இருந்த பார்வைதான்.

அப்புறம் தேடித்தேடி வாசித்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், மனே முதலில் அவள் கைகளை வயிற்றுக்குக் குறுக்கே, ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கிற மாதிரி வரைந்திருந்தது தெரியவந்தது. பிறகுதான் இரண்டு கையும் கவுண்டருக்கு இறங்கின. ஏன் மாற்றினார்? அவரே யோசித்து மாற்றினாரா, இல்லை நின்று நின்று கால் கடுத்து, அவள் தன்னையறியாமல் கையை ஊன்றியதைப் பார்த்து “அப்படியே இரு” என்றாரா? இதற்குச் சான்று எதுவும் இல்லை. சான்று இல்லாத இடம்தானே புனைவுக்காரர்களின் இடம்? நீங்கள் எழுத வேண்டிய காட்சி இதுதான் என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதில் கற்பனையே தேவையில்லை. 1882 ஜனவரியில் ஷானியோ என்ற ஓவியர் மனேயின் ஸ்டுடியோவுக்குப் போகிறார். புட்டியும் தின்பண்டமும் அடுக்கிய மேசைக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்க, மனே இந்தப் படத்தை வரைந்துகொண்டிருக்கிறார். வந்தவருக்குக் கை கொடுத்துவிட்டு, மன்னிக்க வேண்டும், என்னால் எழுந்திருக்க முடியவில்லை, காலில் வலி என்கிறார். சிபிலிஸ் நோய் முற்றி நரம்பைத் தாக்கி, கால் வராமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1883 ஏப்ரலில் இடது காலை வெட்டியெடுத்தார்கள், அந்த மாதம் 30ஆம் தேதி இறந்துபோனார். வயது ஐம்பத்தொன்று. நிற்க முடியாத ஒருவர், உட்கார முடியாத ஒருத்தி, நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கித்தான். இதைவிட ஒரு நாவலுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்! அவருக்கு அவள் கால் வலி புரிந்திருக்குமா? அவள் தன் வலியைச் சொல்லியிருப்பாளா, கூலி குறைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பாளா? மனேயை வில்லனாக்கச் சொல்லவில்லை. அவள் முகத்தை அவ்வளவு மரியாதையாக வரைந்தவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

கண்ணாடியில் தெரிகிற ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் முதுகின் பிம்பம் வலப்பக்கம் தள்ளி விழுந்திருப்பதால், படம் தப்பு என்று ரொம்ப காலம் வாதாடினார்கள். சரி, மாயக்கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம் என்று கதை எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் மால்கம் பார்க் என்கிற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2000இல் அந்த இடத்தை அப்படியே ஜோடித்துப் புகைப்படம் எடுத்துக் காட்டினார். நாம் கவுண்டருக்கு நேர் எதிரே இல்லாமல் வலப்புறம் விலகி நின்று பார்த்தால் பிம்பம் அங்கேதான் விழுமாம். அப்படியென்றால் அந்தத் தொப்பிக்காரர் அவளுக்கு எதிரே நிற்கவே இல்லை, படத்தின் சட்டகத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறார். இருவரும் பேசுவதுபோலத் தெரிவது கோணத்தின் வேலை. அந்த நேரத்தில் அவளிடம் யாருமே வரவில்லை, இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் கிடைத்த ஒரு மூச்சு அது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவளைப் பேரம் பேசுகிற காட்சியை எழுதுமுன் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

பிரான்சில் 1900 டிசம்பர் 29 அன்று ஒரு சட்டம் வந்தது. கடைகளில் ஒவ்வொரு அறையிலும் அங்கே வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேரோ அத்தனை இருக்கை போட வேண்டும் என்று. சூசோன் நின்று பதினெட்டு வருஷம் கழித்து. நம் தமிழ்நாட்டில் அது 2021இல்தான் சட்டமானது, நான் வேலையை விட்ட பிறகு. அந்தச் செய்தியைப் படித்த அன்று இந்தப் படத்தைத்தான் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

படத்தின் இடது மேல் மூலையில் ஊஞ்சல் வித்தைக்காரியின் பச்சைக் காலணி மட்டும் தொங்கும், கவனித்திருக்கிறீர்களா? மனே அந்தக் காலை வரைந்தார். சூசோனின் காலைப் பளிங்கு மறைத்துவிட்டது. அவள் என்ன போட்டிருந்தாள், குதிகால் உயரமா தட்டையா, எந்தக் காலில் பாரத்தை மாற்றினாள், பகலெல்லாம் ஸ்டுடியோவில் நின்றுவிட்டு மாலையில் அரங்கிலும் நின்ற நாளில் வீட்டுக்குப் படியேறும்போது எந்தப் படியில் உட்கார்ந்தாள், இதையெல்லாம் உங்களில் ஒருவர் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த கால்வலியை எல்லாம் சொல்லத் தயாராக இருக்கிறேன், கேளுங்கள். எழுதி முடித்ததும் தகவல் சொல்லுங்கள், என்னோடு சேலைப் பிரிவில் நின்ற நான்கு பேருக்கும் சேர்த்து ஐந்து பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி