குறைமாதக் குழந்தையின் அம்மாவை உள்ளே விடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர் நான். ஒரே கோரிக்கைதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் அம்மாவைப் பார்வையாளர் நேரம் வரும்வரை வராந்தாவில் உட்கார வைக்காதீர்கள்.

'தொற்று வந்துவிடும்' என்றுதான் எப்போதும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த அக்கறை பொய்யில்லை, ஆனால் காரணம் சரியில்லை.

நோயை எதிர்க்கும் தாயின் எதிர்ப்பொருட்கள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் நஞ்சுக்கொடி வழியாகப் போகின்றன. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தை, அந்தச் சீர்வரிசையில் பெரும்பகுதி வந்து சேரும் முன்பே கிளம்பி வந்துவிடுகிறது. தோலும் அப்படித்தான், பிளாஸ்டரை அவசரமாக எடுத்தால் கூடவே உரிந்து வரும்.

அதற்காக அதன் உடம்பு சும்மா இருப்பதில்லை. கிருமியைக் கொல்லும் பலம் குறைவு, ஆனால் ஒருமுறை கிளம்பிய அழற்சியை அடக்கவும் தெரியாது. இது குடலில்தான் மோசம். கிருமியை அடையாளம் காணும் டிஎல்ஆர்4 என்ற உணரி குறைமாதக் குழந்தையின் குடல் சுவரில் அதிகமாக இருக்கிறது. கிருமி பட்டதும் அழற்சி கிளம்பி, ரத்த ஓட்டம் குறைந்து, குடலே அழுகத் தொடங்கலாம். என்இசி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பால் விடும் முன் டியூபில் இழுத்துப் பார்க்கும்போது சிரிஞ்சில் பச்சையாக வந்து, வயிறும் மினுமினுவென்று வீங்கியிருந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பாலை நிறுத்துவோம், டேப் வைத்து வயிற்றளவு எடுப்போம், எக்ஸ்ரேக்குச் சொல்வோம். சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சைவரை போகும். தப்பித்த குழந்தைகளிலும் சிலருக்கு அந்த அழற்சி மூளை வளர்ச்சியில் தழும்பு விட்டுப் போகிறது.

இதற்கு எதிராக நம் கையில் இருப்பதில் முதன்மையானது தாய்ப்பால். பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு என்இசி வரும் வாய்ப்பு கூடுதல். தாய்ப்பால் வங்கிகள் நல்ல ஏற்பாடு, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் வங்கிப் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கும்போது ஐஜிஏ, லாக்டோஃபெரின் போன்ற காப்புப் பொருட்களில் ஒரு பகுதி போய்விடும். பெற்றவளின் சீம்பாலில் அவை அப்படியே இருக்கின்றன. பிள்ளையைப் பார்க்காமல், தொடாமல் கிடக்கும் தாய்க்குப் பால் எங்கிருந்து ஊறும்?

அப்புறம், கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைத்திருப்பது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் இருந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான முறையில் அது 15.7 சதவீதம். செப்சிஸ் எனும் கடுமையான தொற்று பற்றிய சந்தேகமும் 27.8இலிருந்து 22.9 சதவீதமாகக் குறைந்தது. தாய் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இருந்தும் தொற்று கூடவில்லை, குறைந்தது! 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது.

அப்படியானால் தொற்று எங்கிருந்து வருகிறது? 2016இல் வெளியான டெல்லி ஆய்வில் பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் வளர்ந்தவை அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா. பல மருந்துகளுக்கு அடங்காதவை. வாஷ்பேசினிலும் வென்டிலேட்டர் குழாயிலும் நம் கைகளிலும் குடியிருக்கும் கிருமிகள் இவை. இவற்றை விட்டுவிட்டு அம்மாவின் சேலையைச் சந்தேகப்படுகிறோம்.

காய்ச்சல், இருமல் உள்ள தாய்க்கு விதிவிலக்கு வைக்கலாம், சரி. மற்றவர்களுக்கு, குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி, கை கழுவ சோப்பும் தண்ணீரும், பால் பீச்ச ஒரு மறைவிடம், வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும். சிசேரியன் ஆன தாய் ஒரு மருத்துவமனையிலும் குழந்தை இன்னொன்றிலும் கிடக்கும் நிலைமையில், தாயையும் சேர்த்தே ஆம்புலன்ஸில் அனுப்ப உத்தரவு வேண்டும். தாய்க்கு முடியாதபோது அப்பாவோ பாட்டியோ கங்காரு பராமரிப்பு கொடுக்க அனுமதி வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், இருபத்துநான்கு மணி நேரமும் தாய்க்கு அனுமதி உண்டு என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் அதில் ஒரு நகல் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்