நம் 96-ஐத் திறந்துவிட்டேன்

கானாடுகாத்தான்

அன்புள்ள சோமு,

எட்டு மாதமாக எழுதவில்லை, தப்புதான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், ஆத்தாவுக்கு முழங்கால் வலி பழையபடி. விஷயம் வேறு, நம் 1996 போர்தோ ஒயின் பற்றி. நம் 96-ஐத் திறந்துவிட்டேன். நீ இல்லாமல்.

திட்டுவதற்கு முன் கேள். போன மாதம் குன்னூரில் அயித்தான் வீட்டுக்குப் போனபோது இரண்டு பாட்டிலையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் கழுத்தில், தகட்டுக்கு அடியில், பிசுபிசுவென்று கசிவு. உள்ளே மட்டமும் இறங்கியிருந்தது. கார்க் விட்டுவிட்டது. காற்றுப் புகுந்தபின் நம் அறுபது வயதுச் சாந்திக் கல்யாணம் வரை அது தாங்காது. ஐஸ் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து, இரண்டாங்கட்டு அறையில் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தேன், மண்டி அடியில் இறங்கட்டும் என்று.

கார்க் பாதியில் பொடிந்தது. அப்பச்சி விளக்கெண்ணெயைத் தெளிய வைத்து இறுப்பாரே, அதே பொறுமையோடு கண்ணாடிக் கூஜாவில் இறுத்தேன். பாட்டில் கழுத்துக்குக் கீழே டார்ச் பிடித்தது ஆச்சி. பாட்டிலின் தோளில் மண்டி கறுப்பாக ஒரு இழை வந்ததும் "நிறுத்து, நிறுத்து" என்றாள். மதுவைச் சொல்லும் தேறல் என்ற சொல்லுக்கே தெளிந்தது என்றுதானே பொருள்! அழகன்குளம் அகழாய்வில் யவனர் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன அல்லவா, அவர்களிடம் வாங்கியவர்களும் இப்படித்தான் இறுத்திருப்பார்கள் என்று தோன்றியது.

நம் ஊர் வெக்கையில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் வரும். ஐஸ் தண்ணீரில் வைத்து 17 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். வெள்ளை வேட்டிக்கு முன்னால் கிளாஸைச் சாய்த்தால், நடுவில் மாதுளை நிறம், ஓரத்தில் கழுவிவிட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பு. முதல் வாசனை, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த மாதிரி. பயந்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து சுருட்டு இலை, பழைய மரப்பெட்டி, காய்ந்த அத்திப்பழம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

வாயில் என்ன சொல்ல! இளசில் அது பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கைப் பிடித்திருக்கும். 1996 போர்தோவில் காபர்னே திராட்சைக்கு வாய்த்த வருஷம், துவர்ப்புக்குக் குறைச்சலே இல்லை. அந்தத் துவர்ப்பும் தோலின் நிறச்சத்தும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பங்கு மண்டியாக அடியில் படிந்துவிட்டது. மிச்சம் இருந்தது பட்டு மாதிரி. விழுங்கிய பிறகும் வெகுநேரம் தொண்டையில் நின்றது. உப்புக்கண்டத்தைத் தொட ஆச்சியை நான் விடவில்லை. மிளகாய் பட்டால் இந்த மென்மை அத்தனையும் போச்சு. வெள்ளைப் பணியாரம் மட்டும், சட்னி இல்லாமல்.

ஒரு மணி நேரத்தில் வாசனை இறங்கத் தொடங்கியது. கடைசி மடக்கில் வெறும் புளிப்பு. அப்போதுதான் மனசு கலங்கியது, சோமு. நீ பாரிஸிலிருந்து சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. ஐந்து வருஷமாக "அடுத்த பொங்கலுக்கு வர்றேன்" என்கிறாய். சாந்திக் கல்யாணம் வரட்டும் என்று காத்திருக்க எனக்கு இனி மனசில்லை.

இன்னொன்றின் கார்க் நன்றாக இருக்கிறது, மட்டமும் இறங்கவில்லை. தை பிறந்ததும் வா. டிக்கெட் போட்டதும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடு. நான் குன்னூர் போய் எடுத்துவர வேண்டும், இரண்டு நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

உன்,
முத்து