தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களே, வேலிக்கு வெளியே கொஞ்சம் வாருங்கள்

சென்னையிலும் பெங்களூரிலும் பார்த்த வேலையை விட்டுவிட்டு வேடசந்தூர், அய்யலூர், குஜிலியம்பாறை, கடவூர் பக்கம் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ வாங்கிக் குடிவந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். சனி ஞாயிறு மட்டும் காரில் வந்து மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த மடல் இல்லை, அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கேயே படுத்து எழுந்து, மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்து மோட்டார் போட்டு, மயிலையும் காட்டுப்பன்றியையும் திட்டிக்கொண்டே கடலை போடுகிறீர்களே, உங்களுக்குத்தான்.

நாம் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள் இல்லை. அவர் கட்டிய மண்வீட்டை இவர் போனில் பார்க்கிறார், இவர் பிழிந்த செக்கெண்ணெய்க்கு அவர் கைதட்டுகிறார், ஆனால் இரண்டு தோட்டத்துக்கும் நடுவே பைக்கில் இருபது நிமிடம்தான், அந்த இருபது நிமிடத்தைக் கடக்க மட்டும் யாருக்கும் நேரம் இல்லை. ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு களைவெட்டி, ஆளுக்கொரு சோலார், ஆளுக்கொரு மாடு என்று எல்லாவற்றையும் அவரவர் வேலிக்குள்ளேயே அடக்கிவிடப் பார்க்கிறோம். அது நடக்காது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கறவை மாடு வைத்திருக்கும் நம்மவர்கள் யாரையாவது, வீட்டோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள், யோசித்துத்தான் சொல்வார்கள். புருஷன் போனால் பெண்டாட்டி இருக்க வேண்டும், அவர் போனால் இவர் இருக்க வேண்டும். காசு கொடுத்து யாரையாவது கறக்கச் சொல்லலாமே என்றால், பழகாத கைக்கு மாடு பாலை இறக்காது, எக்கிக்கொள்ளும், பால் மடியிலேயே தங்கினால் அப்புறம் மடிநோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இதற்கு வழி ஒன்றுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஊருக்குப் போகாத நாட்களிலும் வாரத்துக்கு ஒருமுறை வந்து, கையால் தீவனம் வைத்து, தாடையைத் தடவிக் கொடுத்து, நாலு பீய்ச்சு பீய்ச்சிப் பழகியிருக்க வேண்டும். மாடு அந்த வாசனையை ஏற்றுக்கொண்ட பிறகு நீங்கள் தைரியமாகத் திருச்செந்தூருக்கோ தங்கச்சி கல்யாணத்துக்கோ போய்வரலாம். இந்த ஏற்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது, அக்கம்பக்கத்தில்தான் கிடைக்கும்.

சாமை, வரகு போட்டவர்களுக்கு அடுத்த கதை தெரியும். மானாவாரியில் மழை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் விளைந்துவிடும், அடித்துத் தூற்றி மூட்டை கட்டியும் விடலாம், அதற்கப்புறம்தான் வேலையே. வரகுக்கு ஏழு தோல் என்பார்கள். அந்தக் காலத்தில் மண் பூசிய திருகையில் திரித்து, பிறகு உரலில் குத்திப் புடைத்தார்கள், அதுவும் நாலு பெண்கள் கூடிச் செய்த வேலை. இப்போது உமி நீக்க மிஷின் இருக்கிறது, ஆனால் ஒரு வீட்டுச் சாமைக்காக அதை வாங்கினால் வருடத்தில் முக்கால்வாசி நாள் சாக்கு போர்த்திக் கிடக்கும். பெரிய மில்லுக்குக் கொண்டுபோனால் நம்முடைய ஒன்றரை மூட்டைக்கு மிஷினை ஓட விடமாட்டார்கள், ஓடவிட்டாலும் யாருடைய தவிடு யாருடைய அரிசி என்று தெரியாமல் வரும். ஆக, விளைந்த தானியத்தைப் பரணில் வைத்துவிட்டுக் கடையில் பாக்கெட் சாமை வாங்கும் தற்சார்பு விவசாயிகள் நம்மில் எத்தனை பேர்? கணக்கெடுக்க வேண்டாம், மானம் போய்விடும். எட்டு வீடு சேர்ந்தால் ஒரு மிஷின் போதும்.

விதையும் அப்படித்தான். கத்தரி, தக்காளியைக் கூட ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று ரகம் வைத்துச் சமாளிக்கலாம். சுரை, பீர்க்கு, பூசணி கதை வேறு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சுரைப்பூ வெள்ளையாக விரியும், அடியில் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண்பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண்பூ. அந்துப்பூச்சிகள் இதில் உட்கார்ந்து அதில் உட்காரும், உங்கள் ரகம் என் ரகம் என்று அவற்றுக்குத் தெரியாது. குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் ஒரே பந்தலில் இருந்தால் இந்த வருடம் காய் ஒழுங்காகத்தான் வரும், அந்த விதையை அடுத்த வருடம் போட்டால்தான் இரண்டும் கெட்டானாகக் காய்க்கும். ரகம் சுத்தமாக இருக்க அரைக் கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும், அல்லது பூவைக் கட்டிவைத்துக் கையால் மகரந்தம் தடவ வேண்டும். இரண்டு ஏக்கருக்குள் அரைக் கிலோமீட்டருக்கு எங்கே போவது? ஒரு வீடு குடுவைச் சுரை, ஒரு வீடு நீட்டுச் சுரை, இன்னொரு வீடு பாம்புச் சுரை என்று பொறுப்பு எடுத்துக்கொண்டால், நாம் தள்ளித்தள்ளி இருப்பதே வசதியாகிவிடும்.

இதெல்லாம் என் சொந்த ஞானம் இல்லை. ‘நெல்’ ஜெயராமன் விவசாயிகளுக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுத்து, அடுத்த ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் அப்படித்தான் மாவட்டம் மாவட்டமாகப் பரவின. ஒரே ஆள் தன் வயலில் மட்டும் பாதுகாத்திருந்தால் ஒரு வெள்ளத்திலோ ஒரு வறட்சியிலோ கதை முடிந்திருக்கும். தற்சார்பு என்று இன்று நாம் பேசும் பேச்சுக்கெல்லாம் முன்னோடியான ஜே. சி. குமரப்பாவும் தனிமைத் தவம் எதுவும் இருக்கவில்லை. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தியவர், அதை விட்டுவிட்டு காந்தியோடு சேர்ந்தார், 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி நடத்தினார். செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ, காகிதம் என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் ஊர் முழுக்கச் சேர்ந்து செய்கிற தொழில்கள். கடைசிக் காலத்தில் வந்து தங்கியதும் நம் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில், நாலு பேர் கூடி வாழ்ந்த ஆசிரமத்தில்தான். இயற்கை விவசாயத்துக்கு வழிகாட்டிய நம்மாழ்வார் ஐயா கடவூரில் வானகம் என்ற பண்ணையை அமைத்தார், சரி, ஆனால் அங்கேயே உட்கார்ந்துகொண்டா இருந்தார்? ஊர் ஊராக நடந்தார். அவர் படத்தை வாசலில் மாட்டிவிட்டு நாம் கேட்டைப் பூட்டிக்கொள்கிறோம்.

அரசாங்கத்தின் இயற்கை விளைபொருள் சான்றிதழில் கூட இந்தக் கூட்டு இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாத முறையில் தனியாள் விண்ணப்பம் எடுபடாது, அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது 5 பேர் ஒரு குழுவாகச் சேர வேண்டும், ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து பேர்! இத்தனை தோட்டங்கள் இருந்தும் ஒரு குழுவுக்கு ஐந்து பேர் சேராததற்குக் காரணம், சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம் ஊற்றுகிறவருக்கும் எதுவுமே ஊற்றக்கூடாது என்கிறவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதுதான். நாட்டு மாட்டுக்காரர் ஜெர்சி வைத்திருப்பவர் வீட்டில் மோர் குடிக்கமாட்டார். இதையெல்லாம் ஒரு வருடம் ஒத்திவைப்போம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

ராத்திரி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், இதில் விளையாட்டு இல்லை. நாம் இருப்பது கட்டுவிரியன் நடமாடும் இடம். தரையில் படுத்துத் தூங்குகிறவரை அது கடித்தால் பல நேரம் வலிகூடப் பெரிதாகத் தெரியாது, வீக்கமும் இருக்காது, கொஞ்ச நேரத்தில் கண்ணிமை சொருகும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் வேண்டாம், ஆளை அசையவிடாமல் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவதுதான் வைத்தியம். 108 வரும், ஆனால் நம் தோட்டத்து வண்டித்தடத்தை இருட்டில் கண்டுபிடித்து வர வேண்டுமே. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் கார்ச் சாவியை எடுக்கிற ஒரு வீடு பக்கத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள், உரக்குழி அப்புறம் வெட்டலாம்.

நாம் நமக்குள் கூடினால் மட்டும் போதுமா என்றால், போதாது. அது இன்னொரு கேட்டட் கம்யூனிட்டி ஆகிவிடும், சுவர் மட்டும்தான் இருக்காது. நம் வேலியால் ஊர்க்காரர்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். ராத்திரி முழுக்க மந்தை அடைந்து கிடக்கும், புழுக்கையும் மூத்திரமும் காட்டுக்கு, காசோ தானியமோ கிடைக்காரருக்கு. நாம் சுற்றிலும் கம்பிவலை அடித்துவிட்டு, மந்தை காலங்காலமாக நடந்த தடத்தையும் சேர்த்து வளைத்துவிட்டு, லாரியில் எரு வாங்கி இறக்குகிறோம். கிளுவை வேலி போட்டு ஒரு கடவு விட்டால் என்ன குறைந்துவிடும்? களைக்கு ஆள் வருவதில்லை என்று புலம்புகிறோம், விடியும் முன்னே மில் வண்டி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஊரில் நாம் கொடுக்கிற கூலிக்கும் நாம் சொல்கிற நேரத்துக்கும் யார் வருவார்கள்? நாமே பத்துப் பேர் சேர்ந்து இன்றைக்கு உங்கள் காட்டில், நாளைக்கு என் காட்டில் என்று இறங்கினால் பாதிக் களை முடிந்துவிடும், மீதிக்கு நியாயமான கூலி கொடுத்துக் கூப்பிடலாம்.

ஊர் என்றால் சாதியும் சேர்த்துத்தான். எந்தத் தெருவில் டீ குடிக்கிறோம், யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம் என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். ரெண்டு தெருவுக்கும் போங்கள். அப்புறம் நிலம் வாங்கும் முன்னால் அது பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேட்டைப் பாருங்கள், புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையால் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது, மற்றவர்களுக்கு விற்கவே கூடாது என்று நிபந்தனை உண்டு. அதில் போய் எளிய வாழ்க்கை வாழ்கிறேன் என்று சொல்வது அசிங்கம்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கண்மாய் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதா வேண்டாமா என்பது அங்கேதான் பேசப்படும், நம் கிணற்றின் தலையெழுத்தும் அதில்தான் இருக்கிறது. போய் உட்காருங்கள், முதல் ஒன்றிரண்டு முறை வாயைத் திறக்காமல் கேளுங்கள். பிள்ளைகளை ஊர் அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்கிறீர்கள், உங்கள் பிள்ளை உங்கள் இஷ்டம், ஆனால் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனால் ஒருநாள் மூடிவிடுவார்கள், பள்ளி மூடிய ஊரில் நாம் மட்டும் என்ன செய்யப் போகிறோம்?

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நம்மில் பலருக்குச் சோழிங்கநல்லூர் ஃபிளாட் வாடகையோ பழைய சேமிப்பின் வட்டியோ மாதாமாதம் வருகிறது. அதில் தப்பே இல்லை. அதை மறைத்துவிட்டு, தோட்டத்து வருமானத்திலேயே வாழ்கிறோம் என்று கேமராவுக்கு முன்னால் சொல்வதும், அதைப் பார்த்து வேலையை விடத் துடிக்கும் பிள்ளைகளிடம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதும்தான் தப்பு. நமக்குள்ளாவது கணக்கை வெளிப்படையாக வைப்போம்: கடலைக்கு என்ன செலவு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என்ன விலை போனது, மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது, அதை எதை வைத்து அடைக்கிறோம். புதிதாக வருகிறவருக்கு நாம் தரக்கூடிய உருப்படியான பயிற்சி இதுதான்.

ஆகவே என் யோசனை. அமாவாசை அன்று நம் பக்கம் ஏர் பூட்டமாட்டார்கள், அந்த நாளையே வைத்துக்கொள்வோம், தை அமாவாசையை மட்டும் விட்டுவிடலாம், பாதிப் பேர் ராமேஸ்வரத்தில் இருப்பார்கள். மாசியிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு தோட்டம். காலையில் அந்த வீட்டுக்காரருக்கு எந்த வேலை முடியாமல் கிடக்கிறதோ அதில் எல்லோரும் இறங்குவது, மதியம் அவரவர் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது, அப்புறம் உட்கார்ந்து விதை, மிஷின், மாடு, யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்பதைப் பேசி முடிப்பது. ஊரில் இருப்பவர்களையும் கூப்பிடுவோம், அவர்கள் வந்தால் நாம் பேசுவதைக் குறைத்துக்கொள்வோம். தலைவர், செயலாளர், லோகோ எதுவும் வேண்டாம், எண்ணெய் தேன் விற்க வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் கடை விரிக்கட்டும்.

முதல் அமாவாசைக்கு யார் தோட்டம் என்று இன்னும் முடிவாகவில்லை. மழைக்கு முன்னால் கூரை மேய வேண்டியவர் யாராவது இருந்தால் அவருக்கே கொடுத்துவிடலாம். கீற்று முடைய எனக்கு வராது, மேலே ஏறிக் கட்டச் சொன்னால் கட்டுவேன்.